எம்டனுக்கு எந்த மோட்டார்?

கார்த்தி: எல்லோரும் கொஞ்சம் கவனியுங்கள். பெரியப்பாவின் கப்பல் ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் இறங்க வேண்டும். திங்கள் காலை சேகர் சித்தப்பா கிளம்பிவிடுவார். இன்று இரவு ஆர்டர் போட்டால்தான் வெள்ளிக்குள் சாமான் வரும். எந்த மோட்டார், எந்த ப்ரொப்பெல்லர்?

மீனா அத்தை: எந்தக் கப்பல்?

நித்யா அக்கா: எம்டன், அத்தை. முதல் உலகப் போரில் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பலின் மாடல். மாடி அறையில் ரெசின் நாற்றம் என்று மூக்கைப் பிடித்தீர்களே, அது.

அருண்: (இந்த மெசேஜ் நீக்கப்பட்டது)

மீனா அத்தை: நீக்கினால் ஆயிற்றா? பெரிய மாமா பார்த்திருப்பார்.

நித்யா அக்கா: விடுங்கள் அத்தை. அப்பாவை எம்டன் என்று சொன்ன முதல் ஆள் அருண் இல்லை.

ரவி மாமா: மோட்டாருக்கு ஏன் அலைகிறீர்கள்? என் பழைய ரிமோட் ரேஸ் காரில் இருந்த 540 மோட்டார் இரண்டு சும்மா கிடக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்த்தி: நன்றி மாமா 🙏

சேகர் சித்தப்பா: வேண்டாம். எழுதுகிறேன், பொறு.

நித்யா அக்கா: போச்சு.

அம்மா: மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது?

சேகர் சித்தப்பா: மோட்டாரில் தொடங்குவதே தலைகீழ். கப்பல் எவ்வளவு வேகம் போக வேண்டும் என்பது முதலில். அதற்கு எந்த ப்ரொப்பெல்லர் என்பது அடுத்தது. மோட்டார் கடைசியில்தான். நம் அளவு 1:100. அசல் எம்டன் 118 மீட்டர், நம்முடையது 118 சென்டிமீட்டர். இதுவரை எல்லோருக்கும் புரியும். எடையை நூறால் வகுக்கக்கூடாது, நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் பத்து லட்சத்தால் வகுக்க வேண்டும். அசல் 3,660 டன், ஆக நமக்கு 3.66 கிலோ. வேகத்தை நூறின் வர்க்கமூலமான பத்தால் வகுக்க வேண்டும். அது 23.5 நாட் போன கப்பல். நமக்கு 2.35 நாட், அதாவது நொடிக்கு 1.2 மீட்டர். மனிதர் நடக்கும் வேகம்தான். அந்த வேகத்தில் போனால்தான் முகப்பில் எழும் அலை பழைய புகைப்படங்களில் உள்ளதுபோல இருக்கும். அதைவிட வேகமாக விட்டால் முகப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் பொம்மைப் படகு, போர்க்கப்பல் இல்லை.

அருண்: நடக்கிற வேகமா 😐

ரவி மாமா: அதற்கு எதற்கு ரிமோட்? கயிறு கட்டி இழுக்கலாமே.

சேகர் சித்தப்பா: மாப்பிள்ளை, கார் மோட்டார் 7.2 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் போகும். சக்கரத்துக்கு முன்னால் பல்சக்கரம் போட்டு அதைக் குறைப்பீர்கள். இங்கே நேரடியாக ப்ரொப்பெல்லரைச் சுற்றும் ஷாஃப்ட்டில் மாட்டினால் தண்ணீர் அதை அந்த வேகத்தில் சுற்ற விடாது. மோட்டார் திணறும், ஆம்ப் ஏறும், சூடாகும். அந்த டார்பிடோ படகு ஞாபகம் இருக்கிறதா?

நித்யா அக்கா: புகைபோக்கியில் நிஜமாகவே புகை வந்ததே, அதுவா?

அருண்: 🤣🤣🤣

ரவி மாமா: அது ஃபியூஸ் போடாததால்.

சேகர் சித்தப்பா: ஃபியூஸ் போடாதது யார்?

மீனா அத்தை: சின்னண்ணா, அதை இப்போது எடுக்காதீர்கள்.

கார்த்தி: சித்தப்பா, ப்ரொப்பெல்லர் அளவு மட்டும் சொல்லுங்கள்.

சேகர் சித்தப்பா: 40 மி.மீ. பித்தளை, மூன்று பிளேடு, இரண்டு வேண்டும். பிட்சும் விட்டத்தின் அளவே என்று வை. அதாவது ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. முன்னேற வேண்டும், ஆனால் தண்ணீர் வழுக்கும். பாதி வீண் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1.2 மீட்டர் போக நொடிக்கு 60 சுற்று, நிமிடத்துக்கு 3,600. சுமையோடு 3,600 சுற்றுகிற மோட்டார் சுமையில்லாமல் ஏறத்தாழ 5,000 காட்ட வேண்டும்.

பெரியப்பா: 40 நுழையாது.

சேகர் சித்தப்பா: ஏன்?

பெரியப்பா: ஷாஃப்ட் ட்யூப் ஒட்டியாயிற்று. 35க்கு மேல் போனால் அடியில் இடிக்கும்.

சேகர் சித்தப்பா: அண்ணா, ட்யூப் ஒட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கப்பலில் வேலை பார்த்தவன்.

பெரியப்பா: கேட்கலாம் என்றுதான். நீ கடலில் இருந்தாய்.

மீனா அத்தை: ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா: சாவி?

நித்யா அக்கா: அப்பா, சித்தப்பா, இரண்டு பேரும் ஒரே வீட்டில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்? எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் பேசுங்கள்.

பெரியப்பா: அவன் கதவைச் சாத்தியிருக்கிறான்.

சேகர் சித்தப்பா: ஏசி ஓடுகிறது. சரி, 35 என்றால் கணக்கு மாறும். நிமிடத்துக்கு 4,100 சுற்று. மோட்டார் சுமையில்லாமல் 5,500 முதல் 6,000 வரை. உண்மையில் 35 நல்லதுதான். விட்டம் கொஞ்சம் கூடினாலும் சுமை எகிறும், ஐந்தாம் படியில். அதே சுற்று வேகத்தில் 35க்குப் பதில் 40 போட்டால் மோட்டாருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சுமை. 45 போட்டால் மூன்றரை மடங்கு.

பெரியப்பா: 👍

கார்த்தி: அப்போ ப்ரொப்பெல்லர் 35, மூன்று பிளேடு. முடிந்ததா?

சேகர் சித்தப்பா: ஒன்று வலது, ஒன்று இடது. இரண்டையும் ஒரே திசையில் வாங்கிவிடாதே. ஒரே பக்கம் சுற்றினால் கப்பல் நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கும். ஷாஃப்ட் மரை எம்4, அதாவது 4 மி.மீ.தானே? லாக் நட்டும் வாங்கு. முன்னால் போகும்போது ஒன்று கழலப் பார்க்கும், பின்னால் வரும்போது இன்னொன்று.

அருண்: கப்பல் சுடுமா?

நித்யா அக்கா: ஆமாம், கேள்வி கேட்பவர்களை.

மீனா அத்தை: பாட்டி சொல்வாளே, அவளுடைய அம்மா எம்டன் குண்டு போட்டதைப் பார்த்தாளாம்.

ரவி மாமா: உங்கள் வீட்டில் யார்தான் எதைப் பார்க்கவில்லை.

நித்யா அக்கா: பார்த்தது இருக்கட்டும், சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தது 1914 செப்டம்பர் 22 இரவு. பாட்டியின் அம்மா அப்போது பிறந்திருந்தாளா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

மீனா அத்தை: உனக்கு எல்லாவற்றிலும் கணக்கு.

கார்த்தி: பெரியப்பா, நான்காவது புகைபோக்கி வைக்கிறோமா?

அருண்: படத்தில் மூன்றுதானே இருக்கிறது?

கார்த்தி: நான்காவது போலி. பிரிட்டிஷ் கப்பல் யார்மத் என்று நினைக்கட்டும் என்று துணியிலும் மரத்திலும் செய்து நிறுத்தினார்கள். அந்த வேஷத்தில்தான் பினாங்கில் நுழைந்து ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தார்கள்.

பெரியப்பா: வைக்கலாம். கழற்றுகிற மாதிரி.

சேகர் சித்தப்பா: காகிதத்தில் செய்யுங்கள். அகலம் பதின்மூன்றரை சென்டிமீட்டர்தான். மேலே கனம் ஏறினால் திருப்பத்தில் சாய்ந்துவிடும். பேட்டரியை அடியில், நடுவில் வையுங்கள். 6 வோல்ட் லெட் ஆசிட் போட்டால் அதுவே நங்கூரம் மாதிரி கப்பலைப் பிடித்துக்கொள்ளும், தனியாக ஈயம் வேண்டாம்.

ரவி மாமா: லெட் ஆசிட்டா! 2 பிரஷ்லெஸ் மோட்டார், 3 செல் லிப்போ பேட்டரி, ஒரே போடு.

சேகர் சித்தப்பா: கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது. 11.1 வோல்ட்டில் 1,000 கேவி மோட்டார் சுமையில்லாமல் 11,100 சுற்று. நமக்கு வேண்டியதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சக்தி சுற்றின் மூன்றாம் படியில் ஏறும். மாப்பிள்ளை, அது கப்பலா ராக்கெட்டா?

ரவி மாமா: 500 கேவி வாங்கினால்? 5,550 வருகிறது. நீங்கள் கேட்ட எண்தானே மச்சான்?

நித்யா அக்கா: 👀

அருண்: மாமா ஸ்கோர் செய்துவிட்டார் 🔥 சாரி, அப்பா.

கார்த்தி: சித்தப்பா?

கார்த்தி: டைப்பிங் என்று காட்டுகிறது, நின்றுவிடுகிறது.

சேகர் சித்தப்பா: எண் சரிதான். ஆனால் சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மெதுவான வேகத்தில் திக்கித் திக்கித்தான் கிளம்பும். கரைக்கு வரும்போது மெல்ல நகர வேண்டும், அங்கேதான் அழகே இருக்கிறது. இன்னொன்று, ஒவ்வொரு பிரஷ்லெஸ்ஸுக்கும் தனி ஈஎஸ்சி, அதாவது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, கட்டாயம். பிரஷ் மோட்டார் என்றால் இரண்டையும் ஒரே ஈஎஸ்சியில் இணைக்கலாம், இரண்டின் ஆம்பையும் அது தாங்கினால் போதும்.

ரவி மாமா: இரண்டு ஈஎஸ்சி இருந்தால் ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் விட்டு நின்ற இடத்தில் திரும்பலாமே. அதுதானே அசல் கப்பலில் செய்வார்கள்?

சேகர் சித்தப்பா: செய்வார்கள்.

நித்யா அக்கா: சித்தப்பா ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டார். யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பெரியப்பா: பிரஷ் போதும்.

ரவி மாமா: பெரிய மச்சான், என் பெஞ்ச் வைஸ் உங்களிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெரியப்பா: அது என் அப்பாவுடையது.

மீனா அத்தை: வைஸ் பற்றி இங்கே வேண்டாம். இரண்டு பேருக்கும் சொல்கிறேன்.

சேகர் சித்தப்பா: எந்த மோட்டாராக இருந்தாலும் ஞாயிறுக்கு முன் ஒரு சோதனை வேண்டும். தொட்டியில் கப்பலைக் கையால் பிடித்துக்கொண்டு முழு வேகம் கொடுத்து ஆம்ப் மீட்டரில் பார்க்க வேண்டும். நகராமல் பிடித்திருக்கும்போதுதான் அதிகம் இழுக்கும். அந்த எண்ணுக்குக் கொஞ்சம் மேலே, ஈஎஸ்சி தாங்குவதற்குக் கீழே ஃபியூஸ். ஐந்து நிமிடம் ஓட்டி மோட்டாரைத் தொட்டுப் பார். கை வைக்க முடியாவிட்டால் ப்ரொப்பெல்லரைச் சிறிதாக்கு. அதற்கு முன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பார், எங்கேயும் இறுகக் கூடாது. மோட்டாரையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் கப்ளிங் கோணலாக இருந்தால் பாதி கரண்ட் அதிலேயே போகும்.

அருண்: 118 செ.மீ. கப்பலுக்கு எந்தத் தொட்டி?

நித்யா அக்கா: அத்தை வீட்டில்தான் பெரியது இருக்கிறது.

மீனா அத்தை: கிரீஸ் ஒழுகும் கப்பலா? என் குளியலறையிலா?

சேகர் சித்தப்பா: ட்யூபுக்குள் கிரீஸ் இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே ஏறும்.

மீனா அத்தை: ஏறட்டும்.

கார்த்தி: ப்ரொப்பெல்லர் இரண்டு, லாக் நட், கப்ளிங், ஃபியூஸ் ஆர்டர் போட்டுவிட்டேன். மோட்டார் 6 வோல்ட்டில் 5,500 சொல்கிற பிரஷ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ரவி மாமாவின் 500 கேவியும் கார்ட்டில் இருக்கிறது. 11 மணி வரை நேரம்.

ரவி மாமா: இரண்டையும் வாங்கு. எது ஓடுகிறதோ அது.

பெரியப்பா: பிரஷ்.

சேகர் சித்தப்பா: அண்ணா சொல்வது சரி. ஆனால் திரும்புகிற விஷயத்தில் மாப்பிள்ளை சொல்வதையும் யோசிக்கலாம். பிரஷ்ஷுக்கும் இரண்டு ஈஎஸ்சி போடலாமே?

கார்த்தி: சித்தப்பா, மணி 10:50.

அம்மா: கார்த்தி, மாடிச் சாவி உன் சட்டைப்பையில் இருக்கிறதாம், அப்பா சொல்கிறார். கொண்டு வா.