வீட்டுக் குழு: தாத்தாவின் கணினியில் டிஸ்ப்ளே கார்டு

தம்பி: அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் பழைய கணினியில் டிஸ்ப்ளே கார்டைப் பொருத்திவிட்டேன். மின்விசிறிகள் சுற்றுகின்றன, ஆனால் மானிட்டரில் படம் வரவில்லை. ஒரு நீண்ட பீப்பும், அதையடுத்து இரண்டு குறும் பீப்பும் கேட்கின்றன.

அத்தை: தாத்தாவின் கணக்குகள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன!

பெரியப்பா: யாரைக் கேட்டு அதைத் திறந்தீர்கள்? முதலில் ஹார்ட் டிஸ்க்கை நகல் எடுக்க வேண்டும் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்?

நான்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் போதாதா, சித்தப்பா?

சித்தப்பா: புகைப்படங்களை எடுக்க அது போதும், அம்மா. ஆனால் அந்தக் கணக்கு மென்பொருள் பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கும் டாங்கிள் என்ற சிறு சாவிக் கருவி இருந்தால்தான் திறக்கும். இப்போது வரும் கணினிகளில் அந்த போர்ட்டைப் பார்ப்பதே அரிது. ஆகவே பழைய கணினியே இயங்கியாக வேண்டும். பீப் ஒலியைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். பயாஸ் என்பது கணினியை இயக்கியதும் பாகங்களைச் சோதிக்கும் மென்பொருள். அவார்டு வகை பயாஸ் உள்ள மதர்போர்டில் ஒரு நீண்ட பீப், இரண்டு குறும் பீப் என்றால் படம் காட்டும் பகுதியில் கோளாறு என்று பொருள். அதைச் சொல்லும் அளவுக்கு பிராசசரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன.

மாமா: கார்டே பழுதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு கார்டு வாங்கிவிடலாம்.

சித்தப்பா: அதற்குள் அந்த முடிவுக்கு வர வேண்டாம், அத்தான். தம்பி, கார்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை இயக்கிப் பார். கழற்றும் முன் பவர் கேபிளைச் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். கணினியை அணைத்தாலும் கேபிள் இருக்கும்வரை மதர்போர்டில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும்; போர்டின் ஓரத்தில் சிறிய விளக்கு இருந்தால் அது எரிவதைப் பார்க்கலாம். கேபிளை உருவிய பின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடி, விளக்கு அணைந்ததும் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கு.

தம்பி: கழற்றி இயக்கினேன். இப்போது ஒரே ஒரு குறும் பீப்தான் வருகிறது.

சித்தப்பா: நல்லது. போர்டும் ராமும் தேர்வில் தேறிவிட்டன. இனி கார்டு, அதைச் செருகும் ஸ்லாட், மின்சாரம் ஆகிய மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

அத்தை: போர்டு நன்றாக இருக்கிறதென்றால் கார்டு எதற்கு?

பெரியப்பா: மேசையை நகர்த்தியபோது மானிட்டர் கேபிளோடு சேர்த்து இழுத்தவரைக் கேள். போர்டில் இருந்த சாக்கெட் அன்றுதான் உடைந்தது.

மாமா: அந்த சாக்கெட் அதற்கு முன்பே ஆடிக்கொண்டிருந்தது, மச்சான்.

சித்தப்பா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். தம்பி, கார்டைத் திரும்பச் செருகி, திருகை முடுக்குவதற்கு முன்னும் பின்னும் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

தம்பி: இரண்டு படங்களையும் அனுப்பியிருக்கிறேன்.

சித்தப்பா: இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். திருகுக்கு எதிர்ப்புறத்தில், ஸ்லாட்டுக்கு மேலே தங்க நிறக் கோடு ஓர் அரிசியின் கனத்துக்குத் தெரிகிறது. முதல் படத்தில் அது இல்லை. கார்டின் உலோகத் தகட்டின் அடிநாக்கு பெட்டிக்கும் போர்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் இறங்காமல் மேலே தட்டி நிற்பதால், திருகை முடுக்கும்போது அந்த முனை கீழே போக, மறுமுனை ஸ்லாட்டை விட்டு எழும்புகிறது. பழைய பெட்டிகளின் தகரம் வளைந்திருப்பதால் இது அடிக்கடி நடக்கும். நாக்கைச் சற்று நேராக்கி, இரு முனைகளையும் சமமாக அழுத்தி, ஸ்லாட்டின் கிளிப் தானாகப் பூட்டிக்கொண்ட பிறகுதான் திருகைத் தொட வேண்டும். தங்க முனைகள் மங்கியிருந்தால் மென்மையான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, துகள்கள் ஸ்லாட்டுக்குள் விழாதபடி தள்ளி வைத்துத் துடைத்துவிடு.

தம்பி: இப்போது நேராக உட்கார்ந்துவிட்டது, கிளிப்பும் பூட்டியது. இருந்தும் அதே பீப்தான். கார்டின் மேல் விளிம்பில் 6 பின் சாக்கெட் ஒன்று காலியாக இருக்கிறது. அதைக் கவனிக்க வேண்டுமா?

சித்தப்பா: அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இந்தக் கார்டு செருகியிருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகைப் பெரிய ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் வரைதான் கொடுக்கும். அது போதாத கார்டுக்குத்தான் இன்னொரு 75 வாட் தரும் அந்த சாக்கெட்டை வைக்கிறார்கள். அது காலியாக இருந்தால் பல கார்டுகள் இயங்க மறுத்துவிடும். பவர் சப்ளையின் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது?

தம்பி: 250 வாட் என்று இருக்கிறது. 6 பின் ஒயர் அதில் இல்லை.

மாமா: இரண்டு 4 பின் ஒயர்களை ஒன்றாக்கும் அடாப்டர் கிடைக்குமே!

சித்தப்பா: கிடைக்கும், அத்தான், ஆனால் வயதான 250 வாட் சப்ளையின் மீது அவ்வளவு சுமையை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். சப்ளை போனால் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். நமக்குத் தேவை கணக்கைத் திறக்க ஒரு திரை மட்டுமே. 6 பின் சாக்கெட் இல்லாத சிறிய கார்டு ஒன்று உங்களிடம் இருந்ததே?

மாமா: பரணில் இருக்கிறது. ஆனால் அது ஏஜிபி என்ற பழைய வகைக் கார்டா என்று நினைவில்லை.

சித்தப்பா: ஏஜிபி என்றால் இந்த ஸ்லாட்டில் நுழையாது, அழுத்திப் பார்க்கவும் கூடாது. எடுத்ததும் தங்க முனைகள் தெரியும்படி படம் அனுப்புங்கள், சொல்லிவிடுகிறேன்.

நான்: அந்தக் கார்டைப் போட்டதும் பீப் நின்று திரை மட்டும் கறுப்பாக இருந்தால்?

சித்தப்பா: பயாஸ் இன்னும் போர்டின் சொந்த டிஸ்ப்ளேயையே முதலில் தேடுகிறது என்று பொருள். திரை இல்லாமல் அதை மாற்ற முடியாது என்பதால், பவர் கேபிளை உருவிவிட்டு, பயாஸ் அமைப்புகளை அழியாமல் வைத்திருக்கும் வட்டமான சிஆர் 2032 பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதியைச் சரிசெய்யாமல் கணக்கு மென்பொருளைத் திறந்தால் புதிய பதிவுகள் தவறான ஆண்டில் ஏறும். அதன் பிறகு அதைப் பிரித்தெடுப்பது கடினம்.

பெரியப்பா: அதனால்தான் முதலில் நகல் என்கிறேன். நகல் எடுக்காமல் பேட்டரியைத் தொட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தம்பி: நகல் எடுப்பதற்கான கேபிள் என்னிடம் இல்லை, பெரியப்பா.

பெரியப்பா: என்னிடம் இருக்கிறது. நான் வரும்போது கொண்டு வருகிறேன்.

அத்தை: எப்போது வருவீர்கள், அண்ணா? இவர் பரணில் தேடிக்கொண்டே இருக்கிறார், கார்டு இருந்த பெட்டியை இன்னும் காணவில்லை.