வாட்ஸ்அப் குழு: தாத்தா வீட்டு வாரிசுகள்

பாலா: செல்வி வீட்டுக்காரர் முருகேசன் கொலைக் கேஸ்ல, அவள நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி போன் வந்துச்சு. அவ மாமியாரையும் பையன் தருணையும் கூட்டிட்டு வரணுமாம்

குமார் மாமா: போய்த்தான ஆகணும்

வித்யா: வேண்டாம் மாமா. சாட்சியா விசாரிக்கணும்னா பொம்பளைங்க இருக்கிற இடத்துக்கு போலீஸ்தான் வரணும். பி.என்.எஸ்.எஸ்.னு புது குற்ற நடைமுறைச் சட்டம், பிரிவு 179. 15 வயசுக்குக் கீழ உள்ள பையனுக்கும் அதே. வீட்டுக்கு வந்து விசாரிக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டு, ஒரு நகல்ல கையெழுத்து வாங்கிக்கோங்க பாலாண்ணா. போன்ல சண்ட போடாதீங்க

மீனா அத்தை: பதினாறுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை யாரு எடுக்குறா? அதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கல

குமார் மாமா: *அவசரம்!! கொலையானவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம்!! இன்றே கடைசி நாள்!! அதிகம் பகிரவும்*

ராஜி: அத்தான் ப்ளீஸ்

வித்யா: மாமா அதுல பாதி தப்பு. 5லேருந்து 10 லட்சம்ங்கிறது பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 2018 திட்டம், செத்தது பொம்பளையா இருந்தா. நம்ம முருகேசன் அத்தானுக்குத் தமிழ்நாட்டு 2013 திட்டம்தான் பொருந்தும். அதோட தொகை அட்டவணை வேற. இன்னிக்குக் கடைசி நாள்லாம் இல்ல, அதுக்காக ஆற விடவும் கூடாது

சேகர் சித்தப்பா: எல்லாரும் நிதானமாகப் படிக்கவும். முதலாவது, இழப்பீடு வாங்க குற்றவாளி பிடிபட்டு, கேஸ் நடந்து, தீர்ப்பு வந்து என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் யாரென்றே தெரியாவிட்டாலும் பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பி இருந்தவர்களோ மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக மனு கொடுக்கலாம். குற்ற விசாரணை முறைச் சட்டம் 357ஏ, உட்பிரிவு 4. ஆணைக்குழு 2 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். ஆபீஸ் மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். செயலாளர் ஒரு நீதிபதி. கட்டணம் கிடையாது. மூன்றாவது, ஆவணங்கள் சரியாக இல்லாவிட்டால் மனு அங்கேயே உட்கார்ந்துவிடும்.

ராஜி: ரெண்டாவது எங்க சித்தப்பா

குமார் மாமா: பாகப்பிரிவினைப் பத்திரத்துல இவ்வளவு வெளக்கம் இருந்திருந்தா கிணத்துப் பங்கு இந்நேரம் முடிஞ்சிருக்கும்

சேகர் சித்தப்பா: அத்தான், இது அதற்கான நேரமில்லை.

வித்யா: சித்தப்பா 357ஏ பழசு. 2024 ஜூலை 1லேருந்து பி.என்.எஸ்.எஸ். 396. உட்பிரிவு 4 அப்படியேதான் இருக்கு. மனுவுல பழைய எண் போட்டுராதீங்க

சேகர் சித்தப்பா: நன்றி. 396.

பாலா: என்கிட்ட சி.எஸ்.ஆர். ரசீது இருக்கு

வித்யா: அது புகார் வாங்குனதுக்கு ரசீது அண்ணா. வேண்டியது எஃப்.ஐ.ஆர். நகல். காசு வாங்காம குடுக்கணும், பி.என்.எஸ்.எஸ். 173(2). இறந்தவர் வாரிசும் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்தான், அதனால செல்வியக்காவே கேட்கலாம்

பாலா: இருக்கு இருக்கு. இந்தா போட்டோ

(படம்)

வித்யா: ம். ரெண்டு சிக்கல் இருக்கு. பிரிவு 109னு போட்டிருக்கு பாருங்க, அது பி.என்.எஸ்.ங்கிற புது தண்டனைச் சட்டத்துல கொலை முயற்சி. அப்ப அத்தான் ஐ.சி.யூ.ல இருந்தார்ல. இறந்ததுக்கப்புறம் கொலைக்கான 103க்கு மாத்தி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஒரு பிரிவு மாற்ற அறிக்கை போயிருக்கணும். அந்த நகலையும் வாங்குங்க. அது இல்லாம எஃப்.ஐ.ஆர். மட்டும் வெச்சா, காயத்துக்கு மனுவா மரணத்துக்கு மனுவான்னு கேள்வி வரும்

வித்யா: இன்னொண்ணு பேரு. எஃப்.ஐ.ஆர்.ல முருகேஷ், ஆதார்ல முருகேசன். இறப்புச் சான்றுல எப்படி இருக்கு?

பாலா: இன்னும் வரல. ஆஸ்பத்திரில குடுத்துருக்கோம்

சேகர் சித்தப்பா: அப்படியானால் நாளைக்கே ஆஸ்பத்திரி பதிவேட்டில் பெயர், தகப்பனார் பெயர், வயது மூன்றையும் ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். 21 நாளுக்குள் பதிவாகிவிட்டால் தாமதக் கட்டணம் இல்லை. அச்சான பிறகு திருத்த அலைவதைவிட இப்போது ஒரு நடை போவது லேசு. அந்தச் சான்றை வைத்துத்தான் வாரிசுச் சான்று, அதற்கு இ-சேவையில் விண்ணப்பம், விசாரணை முடிந்து தாசில்தார் கையெழுத்து. இந்த வரிசையில் ஒன்று தப்பினால் எல்லாம் தப்பும். போஸ்ட்மார்ட்டம் சான்றையும் இப்போதே எழுதிக் கேட்கவும்.

ராஜி: அதான் அந்த ரெண்டாவதா 🙂

மீனா அத்தை: கோடி

பாலா: நான் எடுக்குறேன் அத்தை

மீனா அத்தை: போன விசேஷத்துலயும் இப்படித்தான் சொன்ன

பாலா: வாரிசுச் சான்றுல அந்த மாமியார் பேர் எதுக்கு? ஆஸ்பத்திரி பில்லுக்கு ஒரு பைசா குடுக்கல அவங்க வீடு

குமார் மாமா: சரியாக் கேட்ட

வித்யா: இறந்தவரோட அம்மா முதல் வகுப்பு வாரிசு அண்ணா, மனைவி பிள்ளை மாதிரியே. பேரை மறைச்சா அந்தப் பக்கத்துலேருந்து யாராவது ஆட்சேபணை போடுவாங்க, பணம் மொத்தமா நிக்கும். யாருக்கு எவ்வளவுன்னு ஆணைக்குழு பிரிக்கும், யார் எந்த அளவுக்கு அவர நம்பி இருந்தாங்கன்னு பாத்து. தருண் பங்கு பேங்க் டெபாசிட்டாத்தான் போகும்

குமார் மாமா: வக்கீல் பீஸ்?

வித்யா: பொம்பளைங்களுக்கு வருமானமே பாக்காம இலவச வக்கீல் மாமா, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டம் பிரிவு 12. சட்ட உதவி எண் 15100க்குப் போன் போட்டாலே வழி சொல்வாங்க. யாராவது போன் பண்ணி பத்து பெர்சன்ட் குடு முடிச்சுத் தர்றேன்னு சொன்னா உடனே வெச்சிருங்க

சேகர் சித்தப்பா: மனுவில் அழுகைக் கதை எழுத வேண்டாம். மறுவாழ்வுக்கு உதவி தேவை என்பதைக் காட்ட வேண்டும். மாதம் என்ன சம்பாதித்தார், வாடகை எவ்வளவு, ஸ்கூல் பீஸ், வட்டி. சம்பளச் சீட்டு இல்லாத வேலை என்பதால் பட்டறை முதலாளியிடம் லெட்டர்பேடில் கடிதம். ஆஸ்பத்திரி பில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். இடைக்கால நிவாரணம் கேட்டு 396(6)ல் தனியாக ஒரு பக்கம். அது பெரும்பாலும் விட்டுப்போகும், கேட்காததை யாரும் தர மாட்டார்கள்.

வித்யா: அக்கா பேர்ல தனி அக்கவுன்ட் வேணும். அத்தானோட ஜாயின்ட் அக்கவுன்ட் நம்பரக் குடுத்துராதீங்க

ராஜி: தருண் ராத்திரி தூங்கவே மாட்டேங்கிறானாம். வண்டிச் சத்தம் கேட்டா கட்டிலுக்கு அடில போயிடுறான்

மீனா அத்தை: மந்திரிச்சு விடுங்க

வித்யா: 14416, டெலி மானஸ், மனநல உதவி எண், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அவன்கிட்ட அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் திரும்பத் திரும்பக் கேக்குறத மொதல்ல நிறுத்தணும். கேஸுக்கும் அது நல்லதில்ல, ஆளாளுக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்

குமார் மாமா: நான் ஒரு தடவதான் கேட்டேன்

பாலா: வண்டியும் போனும் ஸ்டேஷன்லயே கெடக்கு. தவணை வேற ஓடுது

சேகர் சித்தப்பா: வழக்குச் சொத்து. கோர்ட்டில் திரும்பப் பெறும் மனு போட வேண்டும், பி.என்.எஸ்.எஸ். 497 அல்லது 503. ஆர்.சி. புத்தகம், பிணைப் பத்திரம், வண்டியின் நாலாபக்கப் போட்டோ. போன் சீக்கிரம் வராது, அதில் கடைசி அழைப்புகள் சாட்சியம்.

குமார் மாமா: பாலா அந்த மாமியார் விஷயத்த நல்லா யோசி

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

செல்வி: நானும் இந்தக் குரூப்லதான் இருக்கேன்

செல்வி: என் மாமியார் பேரப் போடுங்க. அவங்க சுகர் மாத்திரை அவர்தான் வாங்கிட்டு வருவாரு

மீனா அத்தை: நீ தூங்கலியாம்மா

வித்யா: சரிக்கா. செவ்வாய்க்கிழமை நான் கோர்ட்லதான் இருப்பேன், 11 மணிக்கு வாங்க. கையெழுத்து மட்டும் போதும், மனு நான் அடிச்சு வெக்கிறேன்

ராஜி: செவ்வாய் பதினாறாச்சே

வித்யா: அய்யோ ஆமா. புதன்?

பாலா: புதன் எனக்கு லீவு கெடையாது

குமார் மாமா: வண்டி நான் அனுப்புறேன். டீசல் யாரு போடுறான்னு பேசிக்கலாம்

சேகர் சித்தப்பா: புதன் ராகு காலம் 12 முதல் 1.30. அதற்கு முன் போய்விடவும்.

மீனா அத்தை: பாலா, கோடிக்கு என்ன கலர்னு செல்விகிட்ட கேக்காத. என்கிட்ட கேளு