எல்லாரும் பாடும் பாட்டை ஆடிஷனில் பாடலாமா?

கிழக்குக்கரை:

என் மகள் இந்த ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகளில் மியூசிக்கல் தியேட்டர் (பாட்டும் நடிப்பும் சேர்ந்த இசை நாடகம்) பிஎஃப்ஏ என்னும் நுண்கலை இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் இத்துறையை அறிந்தவர் எவரும் இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் இலையுதிர் காலத்திலேயே பிரீஸ்கிரீன் என்னும் முதற்கட்டத் தேர்வுக் காணொளி கேட்கின்றன. அதில் தேறியவர்களைத்தான் குளிர்காலத்தில் ஆடிஷனுக்கு அழைக்கிறார்கள். அவளுடைய பட்டியலில் உள்ள பல கல்லூரிகளுக்கு, ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு பாடல்கள் வேண்டும்: 1970-க்கு முந்தைய மியூசிக்கலிலிருந்து ஒன்று, பிந்தையதிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றும் 60 முதல் 90 விநாடி. அச்சில் வந்த நாடகம் ஒன்றிலிருந்து அதே அளவில் ஒரு மோனோலாக்கும் (ஒருவரே பேசும் பகுதி) வேண்டும்.

அவள் மனத்துக்கு நெருக்கமான பாடல் ஒன்று உண்டு. அதை ஊரில் உள்ள எல்லாப் பெண்களும் பாடுகிறார்கள் என்றும், இணையத்தில் உலவும் "பாடவே கூடாத பாடல்கள்" பட்டியல்களில் அது இருக்கிறது என்றும் சொல்லி, பயிற்சி ஆசிரியர் அதை எடுத்துவிடச் சொன்னார். இப்போது எவரும் கேட்டிராத புதிய பாடல் ஒன்றைப் பாடுகிறாள். மோனோலாக்குக்குக் குழந்தையை இழந்த நாற்பது வயதுத் தாய் ஒருத்தியின் பேச்சை எடுத்திருக்கிறாள். இரண்டிலும் என் மகளை என்னால் காண முடியவில்லை. தாய்க்குத் தோன்றும் இந்தக் குறைக்கு ஏதேனும் மதிப்பு உண்டா, அல்லது ஆசிரியர் சொல்வதுதான் முறையா?

நாடகக்காரி:

ஆசிரியர் சொன்னதில் தவறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. நான் நாடகம் பயின்றவள். மாணவியாக இருந்தபோது ஆடிஷன் நாள்களில் அறைக் கதவருகே நின்று பிள்ளைகளை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பும் பொறுப்பு எனக்கு இருந்தது. ஒரே பாடலின் ஒரே உச்ச வரி, காலையில் இருந்து மாலை வரை, வெவ்வேறு குரல்களில் கதவுக்கு வெளியே வந்துகொண்டே இருக்கும். உள்ளே அமர்ந்திருக்கும் ஆசிரியர்கள் அப்பாடலை வெறுக்கவில்லை. ஆனால் முதன்முதலில் நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்கில் அதைப் பாடி ஒலிப்பதிவு செய்தவரின் குரல் அவர்கள் காதில் ஏற்கெனவே குடியிருக்கிறது. உங்கள் மகள் வாய் திறந்ததும் ஒப்பீடு தொடங்கிவிடும். ஆண்டுக்கு இருபது பேர் அளவில் மட்டுமே சேர்த்துக்கொள்ளும் துறைகளில், பதினேழு வயதுப் பெண் அந்தச் சுமையைத் தானே வலிந்து ஏற்க வேண்டிய தேவை என்ன? அறியப்படாத பாடல் என்றால் கேட்பவர் முன்முடிவு எதுவும் இல்லாமல் கேட்பார்.

பக்கவாத்தியம்:

நாடகக்காரி அம்மையாரின் அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை மறுக்கிறேன். இருபது ஆண்டுகளாக மாணவர்களின் ஆடிஷன்களுக்குப் பியானோ வாசித்து வருகிறேன். அறியப்படாத பாடலால் கெட்ட ஆடிஷன்கள், அறிந்த பாடலால் கெட்டவற்றைவிடக் குறைவில்லை என்பதே நான் கண்டது.

பாடலின் கட்டமைப்பை முதலில் பாருங்கள். 1943-இல் ஓக்லஹோமா! என்ற மியூசிக்கல் வந்தது முதல் 1960-கள் வரையிலான காலத்தைப் பொற்காலம் என்பார்கள். அக்காலப் பாடல்கள் பலவற்றின் மையப் பகுதி 32 பார் (தாளச் சுற்று) கொண்டது: எட்டு எட்டாக நான்கு பகுதிகள், முதல் இரண்டும் ஒரே மெட்டு, மூன்றாவது மெட்டு விலகிச் செல்லும், நான்காவதில் பழைய மெட்டு புதிய பொருளோடு திரும்பும். நான்கு தட்டுத் தாளத்தில், நிமிடத்துக்கு 96 தட்டு என்ற நடையில், இந்த 32 பாரும் பாடி முடிய 80 விநாடி ஆகும். கல்லூரி கேட்கும் அளவுக்குள் ஒரு முழு எண்ணம் தொடங்கி, தடுமாறி, முடிவுக்கு வந்துவிடுகிறது. இன்றைய பாடல்களில் பலவும் நான்கைந்து நிமிடம் மெல்ல ஏறி, இறுதியில் வெடிப்பவை. அவற்றை 90 விநாடிக்கு வெட்டும்போது வெடிப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குக் காரணமான எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். பலரும் அறிந்த பாடலாக இருந்தால் விடுபட்ட கதையைக் கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்வார். அறியாத பாடலில், ஒரு பெண் ஏதோ ஒன்றுக்காக உரக்க வருந்துகிறாள் என்பதைத் தவிர அவருக்கு எதுவும் மிஞ்சாது.

இன்னொன்றும் உண்டு. நேரில் நடக்கும் ஆடிஷனில், முன்பின் பார்த்திராத பியானோ கலைஞர் உங்கள் மகள் நீட்டும் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும். புதிய பாடல்களின் பியானோ பகுதிகள் சில மிகக் கடினமானவை. தாளம் பாருக்குப் பார் மாறும். அவர் தடுமாறினால் தண்டனை பாடுபவருக்கு.

மார்கழிக் கச்சேரிகளில் ஒரே கீர்த்தனையை எத்தனை பேர் பாடுகிறார்கள்! இதைப் பாடியிருக்கக் கூடாது என்று எந்த ரசிகரும் எழுந்து போவதில்லை. இவர் எப்படிப் பாடுகிறார் என்றுதான் காது கொடுக்கிறார்.

நாடகக்காரி:

அந்த ஒப்புமையை என்னால் ஏற்க இயலவில்லை. கச்சேரி ரசிகர் மகிழ வந்தவர். ஆடிஷன் அறையில் இருப்பவர் தேர்ந்தெடுக்க வந்தவர். ரசிகருக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, இவருக்கு இரண்டு நிமிடம் கூட இல்லை. கீர்த்தனையில் மனோதர்மத்துக்கு, அதாவது பாடும்போதே கற்பனையால் விரித்துப் பாடுவதற்கு, இடமுண்டு. இங்கே எழுதிய சுரத்தை எழுதியபடி பாட வேண்டும். ஆகவே "எப்படிப் பாடுகிறார்" என்று காட்டுவதற்கான இடமே சுருங்கிவிடுகிறது.

வெட்டுவது பற்றிய உங்கள் வாதம் வலுவானது. என் முதற்பதிவில் அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் அது என் பக்கத்துக்கும் உதவுகிறது. புகழ்பெற்ற மியூசிக்கல் ஒன்றிலேயே எவரும் தேடாத இரண்டாம் நிலைப் பாத்திரத்தின் பாடல் இருக்கும்; நன்றாக எழுதப்பட்டு, ஓடாமல் போன மியூசிக்கல்களும் உண்டு. நேற்று இணையத்தில் ஏறிய பாடலுக்கும் எல்லாரும் பாடும் பாடலுக்கும் நடுவே எத்தனையோ நூறு பாடல்கள் கிடக்கும்போது, உழைத்துத் தேடாமல் மிகவும் பழகியதற்கே திரும்புவதைத்தான் எதிர்க்கிறேன்.

கிழக்குக்கரை:

ஒரு செய்தியைச் சொல்ல மறந்துவிட்டேன். மகள் ஏழு ஆண்டுகள் கர்நாடக இசை பயின்றவள். ஐந்து கட்டையில் பாடுவாள். இதனால் தேர்வு மாறுமா?

பக்கவாத்தியம்:

பெரிதும் மாறும். இதை முதலிலேயே கேட்காதது என் பிழை. ஐந்து கட்டை என்றால் ஆதார ஷட்ஜம் பியானோவில் ஜி. மந்தர பஞ்சமம் முதல் தார பஞ்சமம் வரை பாடிப் பழகியிருப்பாள். அதாவது பியானோவில் டி3 முதல் டி5 வரை (எண் ஸ்தாயியைக் குறிக்கும்), நெஞ்சுக் குரலின் வலிமையோடு. நெஞ்சுக் குரலின் வலிமையோடு உரக்கப் பாடும் இன்றைய பெல்ட் பாடல்களின் உச்சச் சுரங்கள் பெரும்பாலும் இந்த எல்லையின் மேல் விளிம்பையொட்டியே அமைகின்றன. எனவே பிந்தைய காலப் பாடல் அவளுக்கு இயல்பாக அமையும். கவலை முந்தைய காலப் பாடலில்தான். பொற்காலக் கதாநாயகியின் சோப்ரானோ (உச்சப் பெண் குரல்) பாடல்கள் டி5-ஐத் தாண்டித் தலைக்குரலில் உலவுபவை. அந்தக் குரலை நம் பயிற்சி தனியே வளர்ப்பதில்லை. சில மாதங்களில் அதை ஒட்டவைக்க முயல வேண்டாம். அதே மியூசிக்கல்களில் கதாநாயகியின் தோழி, வாயாடிப் பெண், சினக்காரி ஆகியோருக்குத் தாழ்ந்த சுருதியில், பேச்சுக்கு நெருக்கமாக எழுதிய நகைச்சுவைப் பாடல்கள் உண்டு. அவற்றைத் தேடட்டும். இங்கே நாடகக்காரி அம்மையாரின் அறிவுரையும் என் அறிவுரையும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன.

சுரத்தை நேராகத் தொடாமல் கமகத்தின் பழக்கத்தில் வழுக்கி ஏறுகிறாளா என்றும் கவனியுங்கள். அறிந்தவருக்கு அது அழகு; அந்த அறையில் சுருதி நிற்கவில்லை என்று கேட்கக்கூடும்.

இரண்டாம் மணி:

மோனோலாக்கை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே பாதையைக் கடந்த மாணவனின் தந்தை. நாற்பது வயதுத் தாயை எடுக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்லப்போகிறீர்கள் என்று தெரிந்தும், அதை ஆதரித்து எழுதுகிறேன். நடிப்பு என்பதே தான் அல்லாத ஒருவராக ஆவது. நம் தெருக்கூத்தில் பதினாறு வயதுப் பையன் திரௌபதியாக நிற்பதைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்கள் நாம். பதினேழு வயதுப் பெண் பதினேழு வயதுப் பெண்ணாக மட்டுமே நிற்க வேண்டுமென்றால் எதற்கு நாடகம்?

நாடகக்காரி:

ஐயா, கூத்தில் அந்தப் பையனுக்கு ஒப்பனை இருக்கிறது, தலை அலங்காரம் இருக்கிறது, விடியும் வரை இரவு இருக்கிறது. இங்கே வெறுஞ்சுவரின் முன்னே, அன்றாட உடையில், ஒன்றரை நிமிடம். அந்தத் துயரம் பெரும்பாலும் அழுகையாக மட்டுமே வெளிப்படும், அழுகையைக் கொண்டு தேர்வு செய்யும் ஆசிரியர்களால் எதையும் கணிக்க இயலாது. அவர்கள் அடிக்கடி செய்வது ஒன்று உண்டு: பேசி முடித்ததும், "இதையே உன் தம்பியிடம் ஒரு ரகசியமாகச் சொல்வதுபோல் சொல்" என்பார்கள். மாற்றிச் செய்யக் கேட்பதன் நோக்கம், இந்தப் பிள்ளையைப் பயிற்றுவிக்க முடியுமா என்று அறிவதுதான். அழுவதை மட்டும் பழகிய பிள்ளை அங்கே திகைத்து நின்றுவிடுகிறது. எதிரே நிற்கும் ஒருவரிடமிருந்து எதையோ இப்போதே பெற வேண்டும் என்று துடிக்கும் பேச்சு வேண்டும். நடந்து முடிந்ததை நினைவுகூரும் பேச்சு வேண்டாம். தங்கையிடம் மன்னிப்புக் கேட்பது, தந்தையிடம் கார்ச் சாவி கேட்பது ஆகியவை சிறியவையாகத் தோன்றலாம், ஆனால் மாற்றிச் செய்ய இடம் கொடுப்பவை அவைதாம்.

இரண்டாம் மணி:

என் மகனுக்கு ஏறக்குறைய இதுவே நேர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாற்றிச் செய்யச் சொன்னபோது அவன் அதே துயரத்தைச் சற்று மெதுவாகப் பேசினான். ஆனாலும் அது பயிற்சியின் குறை, தேர்வின் குறை அன்று என்றே இன்றும் நம்புகிறேன். அவன் நாடகம் முழுவதையும் படிக்காமல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தான். முழு நாடகத்தையும் படித்திருந்தால் அந்தப் பாத்திரம் சிரிக்கும் இடங்களும் தெரிந்திருக்கும்.

கிழக்குக்கரை:

நேற்றிரவு மகளிடம் இரண்டு பாடல்களையும் பாடச் சொல்லிக் கைபேசியில் பதிந்தோம். புதிய பாடலை அவள் நன்றாகப் பாடுகிறாள். பழகிய பாடலில், மூன்றாம் வரியில், யாரிடமோ பேசுகிறாள். ஆசிரியரும் கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். முந்தைய காலப் பாடலுக்குத் தோழிப் பாத்திரங்களைத் தேடத் தொடங்கியிருக்கிறோம். தாயின் பேச்சை விட அவள் மறுக்கிறாள். நாடகம் முழுவதையும் இந்த வாரம் படித்துவிட்டு முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறாள். ஐயா, ஓர் ஐயம்: தொண்டை சரியில்லாத நாளுக்கென்று ஒரு சுரம் தாழ்த்திய தாளையும் கோப்பில் வைக்கலாமா?

பக்கவாத்தியம்:

வைக்கலாம், ஆனால் பியானோ கலைஞரின் முன்னே எதை வைப்பது என்று அறைக்குள் நுழையுமுன் முடிவு செய்திருக்க வேண்டும். தாள்களை இருபுறமும் அச்சிட்டு மூன்று வளையக் கோப்பில் கோத்து, வெட்டிய பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் தெளிவாகக் குறித்துவையுங்கள். நடையை விரல் சொடுக்கிச் சொல்ல வேண்டாம். முதல் இரண்டு பாரை அவர் காதருகே மெல்லப் பாடிக் காட்டட்டும்.

நாடகக்காரி:

பழகிய பாடலை அனுப்புவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. ஆனால் மூன்றாம் வரியில் யாரிடமோ பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது யார் என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள்.