லிதியம் குளிசையால் சிறுநீரகப் பாதிப்பு: உடனே நிறுத்தலாமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடித் தங்கை

வணக்கம். 52 வயதான என் அண்ணா, இருதுருவ மனநோய்க்காக 19 வருடங்களாக லிதியம் எடுத்து வருகிறார். அண்மைக் காலமாக இரவில் நான்கைந்து தடவை சலம் போக எழும்புகிறார். தலைமாட்டில் வைக்கும் பெரிய போத்தல் தண்ணீரும் விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. சீனி வருத்தமோ என்று சோதித்தோம், அது இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், மூன்று வருடங்களுக்கு முன் இரத்தத்தில் 1.1 ஆக இருந்தது, இப்போது 1.6. "குளிசையை உடனே நிறுத்து" என்கிறார்கள் உறவினர்கள். நோய் முற்றியிருந்த காலத்தில் அவரைப் பார்த்தவள் என்பதால் எனக்கு நிறுத்தவும் பயம், தொடரவும் பயம்.

பதில்: மருந்தாளர், கல்முனை

சகோதரி, தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம். லிதியத்தைத் திடீரென்று விட்டவர்களுக்கு நோய் முன்னிலும் வேகமாகத் திரும்புவதுண்டு. தற்கொலை அபாயமும் கூடுகிறது. சிறுநீரகத்தில் நீரைத் தேக்கிவைக்கச் சொல்லும் ஹோர்மோனுக்கு அங்குள்ள நுண்குழாய்கள் செவிசாய்க்காதபடி லிதியம் செய்துவிடுவதால்தான் இவ்வளவு சலமும் தாகமும். ஆகவே இரவில் எழும்புகிறாரே என்று தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். உடலில் நீர் வற்றினால் லிதியம் இரத்தத்தில் தேங்கி நஞ்சாகும்.

கிரியாட்டினின் உயர்வு வேறு விடயம், அதை அலட்சியம் செய்யக் கூடாது. இந்த வயது ஆணுக்கு 1.6 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லிலீட்டர் என்று பொருள். இரத்தச் சுத்திகரிப்புக்கு (டயாலிசிஸ்) இன்னும் வெகுதூரம் இருக்கிறது. கடைசி வேளைக் குளிசைக்கு 12 மணித்தியாலங்களின் பின் இரத்தத்தில் லிதியம் அளவைப் பார்க்கக் கேளுங்கள். 0.8க்கு மேல் இருந்தால் அளவைக் குறைக்க இடமிருக்கும். தொடர்வதா, சோடியம் வல்புரோவேட் போன்ற வேறொன்றுக்கு மெல்ல மாறுவதா என்பதை உளநல வைத்தியரும் சிறுநீரக வைத்தியரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

பதில்: வேளாண்மைக்காரன், அக்கரைப்பற்று

நானும் 11 வருடமாக இதே குளிசைதான். சூடடிப்புக் காலத்தில் முழங்கால் வலிக்கென்று கடையில் டைக்ளோபெனாக் வாங்கி ஒரு கிழமை போட்டேன். கை நடுங்கி, நாக்குக் குழறி, கிடைத்த வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். வலிக்குளிசையால் லிதியம் ஏறியிருந்ததாம். சில பிரசர் குளிசைகளும் இப்படிச் செய்யுமாம். பிரசருக்கென்று திடீரென உப்பைக் குறைத்தாலும் ஏறும் என்று அங்கேதான் அறிந்தேன். அண்ணா வேறென்ன மருந்து எடுக்கிறார் என்று பாருங்கள், தங்கச்சி.

களுவாஞ்சிக்குடித் தங்கை

இருவருக்கும் நன்றி. அண்ணாவின் அலுமாரியைப் பார்த்தேன். முதுகுவலிக்கென்று அவர் வாங்கிய இபுபுரோபன் வலிக்குளிசை அட்டைகள் மூன்று, இரண்டு வெறுமையாக இருந்தன. கிளினிக் கொப்பியில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மிச்சத்தை எடுத்து வைத்துவிட்டேன். வியாழக்கிழமைக் கிளினிக் வரை காத்திராமல் நாளைக் காலையே கொப்பியோடு அந்த அட்டைகளையும் கொண்டு போகிறேன்.