பியூப்பில் பிரீமியம்: பிள்ளைக்கா, பள்ளிக்கா?

தென்றல்:
இங்கிலாந்தில் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரசு பள்ளிகளுக்குத் தரும் கூடுதல் பணம் இது, 2011இல் தொடங்கியது. 2025-26க்குப் பிரைமரியில் பிள்ளைக்கு 1,515 பவுண்டு, செகண்டரியில் 1,075. ஆனால் யார் பெயரில் வந்ததோ அந்தப் பிள்ளைக்கே செலவிட வேண்டும் என்று விதி இல்லை. ஆசிரியர் பயிற்சியில் போட்டாலும் செல்லும். இது அநியாயம். பிள்ளைக்கு ஒரு கணக்கு, ஆண்டு முடிவில் பெற்றோர் கையில் ஒரு தாள். இவ்வளவுதான் கேட்கிறேன்.

மூர்த்தி_கவர்னர்:
பள்ளிக் கவர்னராக, அதாவது பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினராகச் சொல்கிறேன், பிரித்துப் பாருங்கள். பிரைமரித் தொகையை 39 பள்ளி வாரங்களுக்கு வகுத்தால் வாரம் 39 பவுண்டுகூட வராது. டியூஷன் ஒரு மணி நேரம், அதோடு சரி. தகுதியுள்ளவர்கள் 60 பேர் என்றால் மொத்தம் 90,900. அதில் அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரை முழுநேரமாக வைத்துத் தினமும் வாசிப்புக் குழு நடத்தலாம். பிரித்தால் சில்லறை, சேர்த்தால் ஆள். மேலும், பிரீமியம் பிள்ளைகள் எல்லோரும் படிப்பில் பின்தங்கியவர்கள் இல்லை. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கும் வீட்டில் வரி போக உழைப்பு வருமானம் ஆண்டுக்கு 7,400க்குள் இருந்தால்தான் தகுதி. 7,500 உள்ள வீட்டுப் பிள்ளை வாசிக்கத் திணறினால் அதை வெளியே உட்கார வைப்பீர்களா?

தென்றல்:
"சேர்த்தால் ஆள்" கேட்க நன்றாக இருக்கிறது. அந்த ஆள் பல இடங்களில் ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் உள்ள வகுப்பு உதவியாளர்தான். பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் அவர் சம்பளத்தைப் பிரீமியம் தலைப்புக்கு மாற்றிவிடுகிறார்கள். பிள்ளைக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கல்வியில் சமவாய்ப்புக்காக இயங்கும் சட்டன் டிரஸ்ட் அறக்கட்டளையின் கருத்துக்கணிப்புகளில் பள்ளித் தலைவர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மூர்த்தி_கவர்னர்:
ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்கள்? பிரைமரித் தொகை 2015-16 முதல் 2019-20 வரை 1,320லேயே நின்றது. சம்பளம் நிற்கவில்லையே.

இளவேனில்_டீச்சர்:
யார் பெயரில் செலவு என்பதைவிட எப்படிச் செலவு என்பதுதான் பலனைத் தீர்மானிக்கிறது. சிறு குழு என்றால் மூன்று நான்கு பேர், வாரம் மூன்று முறை, அரை மணி, பத்துப் பன்னிரண்டு வாரம். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே சோதனை. கெட்டுப்போவது வழக்கமாக மூன்று இடங்களில். கணக்கு வகுப்பிலிருந்தே பிள்ளையை எழுப்பிக் கணக்குச் சொல்லித்தருவார்கள். திரும்பி வந்தால் புதுப் பாடம் பாதி போயிருக்கும். குழு நடத்துபவருக்கு வகுப்பில் என்ன நடந்தது என்றே தெரியாது. ஒருவர் சொன்ன முறை ஒன்று, மற்றவர் சொல்வது வேறு. மூன்றாவது, நேரத்தை மாற்றாமல் விடுவது: வாராவாரம் அதே பிள்ளைக்கு இசை வகுப்பு போய்விடும், பிறகு குழுவுக்கு வரவே மறுக்கும். பின்தங்கிய பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு உதவியாளரை உட்கார வைப்பதும் வீண்செலவுதான். பிள்ளை செய்ய வேண்டியதை அவர் செய்து கொடுப்பார், ஆசிரியரும் அந்த மேசைக்குப் போவதைக் குறைத்துவிடுவார்.

யாழினி:
வந்த காசுக்குச் சண்டை பிடிக்கிறியள். வராத காசைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. ரிசெப்ஷன் (பள்ளியில முதல் வருஷம்), இயர் 1, இயர் 2 பிள்ளையளுக்கு 2014 செப்டம்பரில இருந்து எல்லாருக்கும் இலவசச் சாப்பாடு. லண்டனில 2023 செப்டம்பரில இருந்து பிரைமரி முழுக்க மேயர் குடுக்கிறார். சாப்பாடு கிடைக்குதுதானே எண்டு வருமானம் காட்டி இலவசச் சாப்பாடு கேக்கிற ஃபோர்மைச் சனம் நிரப்பாமல் விடுது. பிரீமியக் கணக்கும் அந்த ஃபோர்மை வைச்சுத்தான். ஃபோர்ம் இல்லாட்டி பிரீமியமும் இல்லை. பெற்றோரின்ர நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கமும் பிறந்த திகதியும் இருந்தால் கவுன்சில் செக் பண்ணிச் சொல்லிப்போடும். பள்ளிப் பிள்ளையளைக் கணக்கெடுக்கிற ஒக்டோபர் சென்சஸுக்கு முதல் பதிஞ்சால் அடுத்த ஏப்ரலில இருந்து காசு. நவம்பரில பதிஞ்சால் அதுக்கும் அடுத்த ஏப்ரல், ஒரு வருஷக் காசு போச்சு. ஒருக்கால் பதிஞ்சால், பிறகு வருமானம் கூடினாலும் ஆறு வருஷம் கணக்கில நிக்கும். அட்மிஷன் பேப்பரோட எல்லாரிட்டையும் அந்த இலக்கத்தை வாங்கோணும். "இலவச உணவு விண்ணப்பம்" எண்டு தனியத் தலைப்புப் போட்டால் வெக்கத்தில குடுக்காயினம்.

மூர்த்தி_கவர்னர்:
யாழினி சொல்வது இனி இன்னும் சிக்கலாகும். 2026 செப்டம்பரிலிருந்து யுனிவர்சல் கிரெடிட் பெறும் எல்லா வீட்டுக்கும் சாப்பாடு என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. பிரீமியத்துக்கு அதே 7,400தான். சாப்பாட்டுப் பட்டியல் வேறு, பணப் பட்டியல் வேறு. இதற்கு மேல் பிள்ளைக்குப் பிள்ளை கணக்கு எழுதச் சொன்னால் அலுவலகத்தில் அதற்கே ஒருவரை வைக்க வேண்டும். அவர் சம்பளம் எந்தத் தலைப்பில் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தென்றல்:
பவுண்டு பவுண்டாகக் கணக்கு வேண்டாம், விட்டுவிடுகிறேன். ஆனால் இளவேனில் சொன்ன அந்த இரண்டு சோதனை மதிப்பெண்களைப் பெற்றோருக்குக் காட்டலாமே, அதற்கு என்ன செலவு? ஒவ்வொரு டிசம்பர் 31க்குள்ளும் பள்ளி தன் பிரீமியம் திட்ட அறிக்கையை இணையதளத்தில் போட்டாக வேண்டும். போன ஆண்டு விளைவு என்ற பகுதியில் "மாணவர்களின் நம்பிக்கை கூடியது" என்று எழுதிவிட்டு, செலவுப் பட்டியலைப் பழைய அறிக்கையிலிருந்து அப்படியே ஒட்டினால், கூட்டத்தில் முதலில் கைதூக்க வேண்டியவர் கவர்னர்தான், மூர்த்தி ஐயா.