முதல் பங்களா ஊட்டியிலா? கோத்தகிரி என்ன வரைபடத்திலேயே இல்லையா?

கன்னேரிமுக்கு:
பக்கத்து இழையில் ஒரு மேதாவி, "நீலகிரியில் வெள்ளைக்காரன் கட்டிய முதல் பங்களா ஊட்டி கல் பங்களாதான்" என்று எழுதியிருக்கிறார். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819லேயே கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் பெத்தக்கல் பங்களாவைக் கட்டிவிட்டார். கல் பங்களா வேலை தொடங்கியதே 1822ல். கழித்தல் கணக்கு தெரியும்தானே?

ஏரிக்கரை:
அந்த மேதாவி நான்தான். உங்களுடையது வந்தால் தங்கிப்போகிற இடம். மனுஷன் குடும்பத்தோடு வாழ்ந்தது ஊட்டியில். அந்தக் கல் பங்களா இன்றைக்கும் அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் கம்பீரமாக நிற்கிறது. உங்கள் பங்களா இடிந்து கிடந்து, அப்புறம் எடுத்துக் கட்டியதுதானே? அந்தச் சிவப்புப் பெயின்டும் 1819ல் அடித்ததா?

கன்னேரிமுக்கு:
பெயின்டைப் பற்றி யார் பேசினார்கள்? 1819. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மலைச்சரிவு:
அந்த ஊட்டி நிலத்தைத் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினாராம். இரண்டு பேரும் அதைப் பேச மாட்டீர்கள். படுகர் ஊர்களான ஹட்டிகளும் கோத்தர் ஊர்களும் அதற்கு முன்னாலேயே இருந்தன. அவையெல்லாம் வீடு இல்லையா?

கன்னேரிமுக்கு:
அது வேறு விஷயம் தம்பி. 1819.

ஏரிக்கரை:
சரி, 1819. ஆனால் ஊரை உருவாக்கியது எங்கே? ஏரி வெட்டியது எங்கே? மனைவியையும் மகளையும் புதைத்தது எங்கே? புனித ஸ்டீபன் தேவாலயத்தில் போய்ப் பாருங்கள்.

மலைச்சரிவு:
திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனை மரத்தைக் கொண்டுவந்து கட்டிய தேவாலயம்தானே? நல்ல பெருமை!

ஏரிக்கரை:
மரம் எங்கிருந்து வந்தால் உங்களுக்கென்ன? எல்லா இழையிலும் வந்து இதே வேலை. போன மாதம் மலை ரயில் இழையையும் நீங்கள்தான் கெடுத்தீர்கள்.

கன்னேரிமுக்கு:
சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குத்தான் சல்லிவன் முதலில் பாதை போட்டார். கைதிகளை வைத்து வெட்டிய அந்தப் பாதை 1823ல் முடிந்தது. அதில் ஏறித்தான் அப்புறம் எல்லோரும் உங்கள் ஊட்டிக்கு வந்தார்கள். வழி விட்டவன் வீட்டையே இல்லை என்கிறீர்கள். வர்க்கி பிஸ்கட்டிலும் இதே கதைதான். சுடுவது நாங்கள், புவிசார் குறியீடு 'ஊட்டி வர்க்கி' என்ற பெயரில்!

ஏரிக்கரை:
கோத்தகிரி வர்க்கியா? டீயில் நனைத்தாலும் பல் போய்விடும்.

கன்னேரிமுக்கு:
வாயை அடக்கிப் பேசுங்கள். சூடாக அடுப்பிலிருந்து எடுத்ததைத் தின்றதுண்டா? பேருந்து நிலையக் கடையில் பொட்டலம் வாங்கிவிட்டுத் தீர்ப்பு சொல்ல வந்துவிட்டார்.

மலைச்சரிவு:
பங்களா போய் வர்க்கி வந்துவிட்டது. நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

ஏரிக்கரை:
1819ல் கட்டியது குடியிருப்பு இல்லை, முகாம். கடைசியாகச் சொல்கிறேன்.

கன்னேரிமுக்கு:
"கடைசியாக"வாம்! முகாமோ மாளிகையோ, 1819. வர்க்கிக்குத் தனி இழை போடுங்கள், அங்கேயும் வருகிறேன்.