மறு: ஓடும் வண்டியிலிருந்து பேசும் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நிலையத்துக்குத் தமிழில் என்ன சொல்?

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சிக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விடுமுறையில் நமக்குள் நடத்தப்போகும் ஹாம் போட்டிக்கு விதித்தாளைத் தமிழில் எழுதச் சொன்னீர்கள். முதல் விதியே இடிக்கிறது. "மொபைல் பிரிவு" என்று எழுதினால் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் செல்போன் என்று நினைக்கிறார்கள். ஒருவன் "எந்த சிம் சார் போடணும்?" என்றே கேட்டுவிட்டான். அதனால் இதை முடித்துவிட்டு மேலே போவோம். நீங்கள் அனுப்பிய யோசனைகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> நடமாடும் நிலையம் போதுமே. நடமாடும் நூலகம், நடமாடும் ரேஷன் கடை என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

போதாது என்பது என் கட்சி. நடமாடும் ரேஷன் கடை ஓடிக்கொண்டே அரிசி போடாது. வந்து நிற்கும், போடும், கிளம்பும். நூலக வண்டியும் அப்படித்தான். ஆகவே அந்தச் சொல் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறவருக்குத்தான் பொருந்தும். ஓடும்போதே பேசுகிறவர் வேறு ஆள்.

இந்த வேறுபாடு ஆன்டெனாவிலேயே தெரிகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளக் கம்பிக்குப் பத்து மீட்டருக்கு மேல் வேண்டும். அதைக் காரின் மேல் நட்டுக்கொண்டு நாற்கரச் சாலையில் போனால் முதல் பாலத்தோடு சரி. இரண்டு மீட்டர் கம்பி, நடுவே ஒரு சுருள் என்று சமாளிக்கிறோம். ரேடியோ பேட்டரியிலிருந்து இருபது ஆம்பியர் உறிஞ்சி 100 வாட் கொடுத்தாலும் பெரும்பகுதி சுருளிலும் தரை இழப்பிலும் சூடாகப் போய்விடும். வண்டியை நிறுத்தினவரோ பத்து மீட்டர் கழியை நட்டு, இரண்டு பக்கமும் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஹாயாக உட்கார்ந்துவிடுவார். இருவரையும் ஒரே பிரிவில் விட்டால் ஓடுகிறவர் எந்தக் காலத்தில் ஜெயிப்பது? 28 மெகாஹெர்ட்ஸில் மட்டும் ஓரளவு சமம். அங்கே கால் அலைநீளம் இரண்டரை மீட்டர்தான், காரே தாங்கும்.

> ஊர்நிலையம், நகர்நிலையம், பெயர்நிலையம்: எது நல்லது?

ஊர்தல், நகர்தல், பெயர்தல் மூன்றும் நல்ல வினைகள். வினைத்தொகை ஆக்கியதும் மூன்றும் கவிழ்ந்துவிடுகின்றன. ஊர்நிலையம் என்றால் ஏதோ ஒரு ஊரின் நிலையம். நகர்நிலையம் என்றால் டவுன் பஸ் ஸ்டாண்டு. பெயர்நிலையம் என்றால் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கிற இடம். இலக்கணம் தெரிந்தவர் சரியாகப் பிரித்துப் படிப்பார், ஆனால் இரைச்சலுக்கு நடுவே கேட்கிறவர் இலக்கணம் பார்க்க மாட்டார்.

> வீட்டிலிருந்து பேசுகிறவர் மூலவர், வண்டியில் போகிறவர் உற்சவர்.

படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தேன். நெல்லையப்பர் தேரோட்டம் பார்த்து வளர்ந்த யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் ஒரு சாமி பெயரை எல்லா மதத்து ஆட்களும் ஏறுகிற அலைவரிசையில் வைப்பது சரிவராது. அந்த யோசனையிலிருந்து உலாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உலா நிலையம்: சக்கரம் சுழலும்போதே பேசுவது. உலா என்றதும் ஏழு பருவத்துப் பெண்களும் வீதிக்கு வந்து நிற்பார்களா என்று தென்காசித் தம்பி கேட்கப்போகிறார். கயத்தாறு டோல்கேட்டில் அதெல்லாம் நடக்காது தம்பி.

அடுத்தது ரோவர். அமெரிக்காவில் ஜனவரிக் குளிரில் வி.எச்.எஃப். என்ற மிகையதிர்வெண் அலைகளுக்கான போட்டி ஒன்று நடக்கிறது. அதில் ரோவர் என்று ஒரு பிரிவு உண்டு. நிலையத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு கட்டம் கட்டமாகப் போவார்கள். கட்டம் மாறினால், ஏற்கெனவே பேசியவரோடும் மறுபடி பேசிப் புள்ளி எடுக்கலாம். இந்தக் கட்டங்கள் 1980-இல் இங்கிலாந்தில் மெய்டன்ஹெட் என்ற ஊரில் கூடிப் பேசி முடிவு செய்தவை. ஒவ்வொன்றும் இரண்டு பாகை தீர்க்கம், ஒரு பாகை அட்சம். நம் பக்கத்துக் கணக்கில் கிழமேற்காகச் சுமார் 220 கிலோமீட்டர், தென்வடலாக 110.

இதில் நமக்கு அடித்த யோகத்தைப் பாருங்கள். 9 பாகை அட்சமும் 78 பாகை தீர்க்கமும் ஒட்டப்பிடாரத்துக்கு வடக்கே வெட்டிக்கொள்கின்றன. நான்கு கட்டங்கள் முட்டும் மூலை அது. திருநெல்வேலி இருக்கும் கட்டத்தின் குறி எம்ஜே88. கயத்தாறு தாண்டிக் கோவில்பட்டி போனால் எம்ஜே89. அங்கிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் எம்ஜே99. தெற்கே இறங்கினால் தூத்துக்குடி எம்ஜே98. உப்பளத்து ஓரமாக நிறுத்தினால் ஈர உப்புத் தரை செங்குத்து ஆன்டெனாவுக்குப் பிரமாதமாக ஒத்துழைக்கும். திரும்பும் வழியில் வாகைகுளம் விமான நிலையம் கழிந்து வல்லநாடு வருவதற்குள் மறுபடி எம்ஜே88. ஒரு பகலில் நான்கு கட்டம். மெட்ராஸ்காரர்களுக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இப்படியொரு மூலை உண்டு.

ஆகவே ரோவருக்கு ஓட்டம் முக்கியமில்லை, கோட்டைத் தாண்டுவதுதான் புள்ளி. நின்று பேசினாலும் அவர் ரோவர்தான். அவருக்குக் கட்டந்தாவி என்று வைக்கிறேன். "ரோவர்" என்றே விட்டுவிடலாம் என்றவர்களுக்கு ஒரு வார்த்தை: பேச்சு முடிந்ததும் எல்லோரும் "ஓவர்" என்கிறோம். ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்.எஸ்.பி.) என்ற குரல் அனுப்பும் முறையில் குரலுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 300 முதல் 2,700 ஹெர்ட்ஸ் வரை. அதற்குள் ரோவர் எது, ஓவர் எது? போதாததற்கு நாம் இருப்பது புவிகாந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் வைத்திருப்பதே அதனால்தான். பொழுது சாய்ந்தபின் சில நாள்களில் மேலே அயனி மண்டலம் குழம்பி, 28 மெகாஹெர்ட்ஸில் வரும் குரல் படபடவென்று நடுங்கும். பாதி எழுத்து போனாலும் "கட்டந்தாவி"யில் க்-ட்-ட் மிஞ்சும்.

நிறுத்திவிட்டுப் பேசுகிறவருக்கு இன்னும் சொல் அமையவில்லை. நடமாடும் நிலையத்தையே அவருக்குக் கொடுத்துவிடலாமா?

———

தூத்துக்குடியிலிருந்து:

தம்பி, கொடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் சொல் இருக்கிறது. விசைப்படகுக்காரர்கள் காலையில் போய் இரவில் திரும்புவது ஒரு வகை. கடலிலேயே இருந்து மீன்பிடித்துவிட்டு வருவது தங்குகடல். துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். போய், தங்கி, திரும்புகிற நிலையத்துக்குத் தங்குநிலையம் என்றே வைத்துக்கொள்ளும். வீட்டு நிலையத்தோடு குழம்பாது.

இது போட்டிக்கு மட்டும் என்று நினைக்கவும் வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது சாலையும் போய், பல ஊர்களில் செல்போனும் போய்விட்டது. அப்படியொரு நாளில் வலைக் கட்டுப்பாட்டில் உட்கார்ந்து எல்லோருடைய பேச்சையும் ஒழுங்குபடுத்துகிறவருக்கு முதலில் தெரியவேண்டியது, யார் ஓரிடத்தில் தங்கியிருக்கிறார், யார் நகர்ந்துகொண்டிருக்கிறார் என்பதுதான். தங்கியவரிடம் செய்தியைச் சேர்க்கலாம். ஓடுகிறவரிடம் ஆளை ஏற்றி அனுப்பலாம். அழைப்புக்குறியின் (ஒவ்வொரு நிலையத்துக்கும் தரப்பட்ட அடையாள எழுத்துகளின்) வாலில் ஒரு சொல்லாக அது வந்துவிட்டால் திரும்பக் கேட்கிற நேரம் மிச்சம்.

இன்னொன்று. ஓட்டுகிறவர் மைக்கைத் தொடக்கூடாது, பதிவேடும் எழுதக்கூடாது என்பதை விதித்தாளில் முதலில் போடும். சொல் எல்லாம் அப்புறம்.

———

தென்காசியிலிருந்து:

தங்குநிலையத்துக்கு ஓட்டு. கட்டந்தாவிக்கும் ஓட்டு. ஆனால் மார்கழி பனியில் காலை ஐந்தரைக்கு "கட்டம் என்ன?" என்று கேட்டால் எதிர்முனையில் ஜாதகம் எடுத்துக்கொண்டு வருவார்கள். "உங்க கட்டம் சரியில்லை" என்று ஒருவருக்குத் திருத்தம் சொல்லிப் பாருங்களேன்.

உலாதான் இடிக்கிறது, அண்ணன். கடையம் ரோட்டில் வண்டியில் போய்க்கொண்டே சொல்லிப் பார்த்தேன். அழைப்புக்குறிக்குப் பின்னால் "உலா" என்றால் எதிர்முனைக்காரர் "ஹலோ, சொல்லுங்க" என்கிறார். ஒருவர் இல்லை, கேட்டவர்கள் எல்லோருமே. இன்னொரு சோதனை எதிர்பாராமல் நடந்தது. வழியில் ஒரு அம்மன் கோவிலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி மார்கழிப் பாட்டு போட்டிருந்தார்கள். ஸ்பீக்கர் வயர் மரத்துக்கு மரம் நீளமாக ஓடுகிறது, நல்ல ஆன்டெனா! நான் பேசப் பேச என் குரல் பாட்டுக்கு நடுவே மூக்கால் குழறிக்கொண்டு வெளியே வந்தது. மைக்செட் பையன் ஆம்ப்ளிஃபயரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். அந்தக் குழறலிலும் "கட்டந்தாவி" அடையாளம் தெரிந்தது, "உலா" தெரியவில்லை. (பவரைப் பத்து வாட்டுக்கு இறக்கியதும் ஸ்பீக்கர் விட்டுவிட்டது. கோவில் பக்கம் போகிறவர்கள் கவனிக்க.)

———

பாளையங்கோட்டையிலிருந்து:

ஹலோ விஷயம் நியாயமானது. தாளில் "உலா நிலையம்" என்றே இருக்கட்டும். காற்றில் "உலாவில்" என்று சொல்லுவோம். "வீட்டில்", "தங்கலில்", "உலாவில்" என்று மூன்றும் ஒரே வாய்பாட்டில் வருகிறது, வாலில் உள்ள "வில்" ஹலோவிலிருந்து பிரித்துவிடும். இன்று சாயங்காலம் இங்கிருந்து கிருஷ்ணாபுரம் வரை போய்வந்தபடி பேசிப் பார்த்தேன். தூத்துக்குடி அண்ணாச்சி ஒரு தடவைகூடத் திரும்பக் கேட்கவில்லை.

போட்டிக்கு மட்டுமே உரிய பிரிவு என்பதால் கட்டந்தாவி அழைப்புக்குறியோடு முழுதாகவே சொல்லப்படும். நடமாடும் நிலையத்தைக் கைவிடுகிறோம். ஓட்டுநர் மைக் தொடக்கூடாது என்பது முதல் விதியாக ஏறிவிட்டது. "கட்டம்" தொடர்பான ஜோதிடத் தகராறுக்குத் தென்காசித் தம்பியே மாற்றுச் சொல் தரட்டும், "சதுரம்" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். இரண்டு பாகைக்கு ஒரு பாகை என்றால் அது சதுரமே இல்லை.